எது வரைக்கும்?

பேனா கேட்டால்கூட அவர் சட்டென்று கொடுத்துவிட மாட்டார். பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்பார்.

"எதுக்கு?"

"ஒரு கையெழுத்து போடணும் மேடம்."

"எது வரைக்கும்?"

"போட்டு முடிக்கிற வரைக்கும்தான்."

அதற்குப் பிறகுதான் பேனா கை மாறும். நான் மூடியை மூடுவதற்குள் எதிரே கை நீண்டிருக்கும். குடை கொடுத்தால் நாலு மணி வரைக்கும். டிபன் பாக்ஸ் கொடுத்தால் மறுநாள் காலை பத்து மணி வரைக்கும். ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுக்க மறந்த ஒருவரால் அதற்கப்புறம் அதைத் தொடவே முடிந்ததில்லை. படூர் ஆபீசில் நாங்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் 'எதுவரைக்கும் மேடம்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் மாற்றிக்கொள்ளாதது எனக்கு அப்போது திமிராகத்தான் பட்டது.

என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பார், அவ்வளவுதான். கருங்குழியில் வீடு. செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து திருப்போரூர் வழியாக இன்னொரு பஸ் பிடித்து வருவார். அவர் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் குறைவு. நாற்காலி மேல் ஒரு முழங்காலை மடக்கி வைத்து, நின்றுகொண்டே டைப் அடிப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவு வரை போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எதையோ எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். என் வேலையும் ஓடாது.

எங்கள் ஆபீஸ் இருந்த குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மூன்று வருடப் பழக்கம். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிடுவார். இவர் மட்டும் கேட்டிலேயே நின்று அடையாள அட்டையை நீட்டுவார்.

"உங்களத் தெரியாதா மேடம், நீங்க போங்க."

"நேத்து பாத்தது நேத்தோட முடிஞ்சிபோச்சு. இன்னிக்கி பாருங்க."

மழையில் நனைந்துகொண்டே ஒருநாள் இப்படி நின்றார். அண்ணாச்சி அட்டையை வாங்கி, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

எங்கள் ஆபீஸ் செய்தது கடற்கரை ஊர்களுக்கான எச்சரிக்கைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு, சின்னதாய் ஒரு கம்ப்யூட்டர். மேலே கோயில் திருவிழாவில் கட்டுகிற மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கர். காற்றோ பெரிய அலையோ வருகிறது என்று எங்கள் சர்வருக்குத் தகவல் வந்தால், பெட்டி அதை எடுத்துச் சங்கு ஊதும். கடலில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மீன்பிடி போட்டுக்கும் கேட்கும். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்து ஊர்களில் வைத்திருந்தோம். ஐந்தாவது கடப்பாக்கம். என் ஊர். என் அண்ணன் இன்றைக்கும் அங்கே போட்டு வைத்துக் கடலுக்குப் போகிறவன். பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதியவன் நான்.

மேடம் பார்த்துக்கொண்டது டோக்கன் சர்வர். பெட்டி எச்சரிக்கைத் தகவலை நேராகப் போய் எடுத்துவிட முடியாது. முதலில் டோக்கன் சர்வரிடம் தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் சொல்லி, ஒரு டோக்கன் வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் தகவல் கிடைக்கும். இதில் மனிதர் யாரும் கிடையாது. மிஷின் கேட்கும், மிஷின் கொடுக்கும். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மாதிரி டோக்கனுக்கும் ஆயுள் உண்டு. நேரம் முடிந்தால் அது வெறும் எழுத்துக் குவியல். பெட்டி மறுபடி போய்க் கேட்க வேண்டும். எந்தப் புதுப் பெட்டியைச் சேர்த்தாலும் அவரிடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்றே கேள்வி. யாரு? எதுக்கு? எது வரைக்கும்?

கடைசிக் கேள்விக்கு நான் 'ஒரு வருடம்' என்று எழுதிக் கொடுத்தேன். படிவம் என் மேஜைக்கே திரும்பி வந்தது.

"ஒரு மணி நேரம்," என்றார்.

"மேடம், எங்க ஊர்ல சிக்னல் வரும், போவும். மணிக்கொரு தரம் கேக்கச் சொன்னா பொட்டி கேட்டுகினேதான் நிக்கும்."

"கேக்கட்டுமே. கேக்கறதுல இன்னா கொறஞ்சிபோச்சு?"

இரண்டு நாள் சண்டை போட்டோம். மூன்றாம் நாள் ஒரு நாளைக்கு இறங்கி வந்தார். "இருவத்திநாலு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. முடிஞ்சா திரும்பக் கேக்கணும். உன் பொட்டி கேக்குமா?"

"கேக்கும்," என்றேன்.

அந்தப் பகுதியை நான் அதுவரை எழுதவில்லை. பெட்டி ஆன் ஆகும்போது ஒரு தடவை டோக்கன் கேட்கும், அவ்வளவுதான் எழுதியிருந்தேன். மீதியை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது.

சொன்னதை அவர் நம்பிவிடவில்லை. ஒரு வாரம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பெட்டி எப்போது டோக்கன் கேட்டது என்பது அதில் வரிசையாக விழும். கடப்பாக்கம் ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை கேட்டிருந்தது. "நல்லாத்தான் கேக்குது பா உன் பொட்டி," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். எனக்கே ஒருவேளை எழுதிவிட்டோமோ என்று தோன்றியது.

எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி புதிதாக ஆன் ஆகும். ஆன் ஆனால் கேட்கும். மற்ற நாலு ஊரிலும் இதே கதைதான்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நான் மூன்று நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால் எந்த சர்வருக்குள்ளும் நுழைய முடியவில்லை. எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார்.

"மூணு நாளா நீ வரல. வந்தது நீதான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"எதிர்லதான மேடம் நிக்கறேன்."

"நிக்கற. கேளு, தரேன்."

கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அன்று மாலை ரோட்டோர டீக்கடையில் கோபம் தாங்காமல், மனுஷனை மனுஷன் ஒரு தடவை நம்பினால் போதாதா என்று கேட்டுவிட்டேன். அவர் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கல்யாணம் ஆச்சு, தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"பொண்ணு பாக்க வந்தப்ப சரின்னேன். ஒரு தடவதான் சொன்னேன். அத்த அவரு ஆயுசுக்கும் சொன்னதா எட்துகினாரு. எதுக்கும் அப்புறம் என்னக் கேக்கவே இல்ல." டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "வா, பஸ் வந்துடப்போவுது."

பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவர் நடந்துகொண்டே இருந்தார். நானும் கூடவே நடந்தேன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி எங்கே போனது என்று அடுத்து நடந்ததைச் சொன்னால் புரியும்.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். என் மேஜை ஓரத்தில் வந்து நின்றார்.

"கடப்பாக்கம் கேக்கல."

"இன்னா கேக்கல?"

"டோக்கன். நேத்து காலையில பத்து மணிக்கி வாங்கிகினு போனது. இன்னிக்கிப் பத்தோட முடிஞ்சிபோச்சு. இன்னும் வந்து கேக்கல."

"சிக்னல் இருக்காது மேடம். வரும்."

அவர் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மறுபடி போனார். தாழ்ப்பாளை ஆட்டும் சத்தம் கேட்டது. மறுபடி வந்தார். "அடிக்கடி வந்து கேக்கறவன நான் சமாளிச்சிடுவேன் பா. கேட்டுகினே இருந்தவன் சும்மா இருந்தான்னாதான் எனக்குச் சரியாப் படல."

எனக்குப் பேஜாராகிவிட்டது. பெட்டி நன்றாக இருக்கிறது என்று காட்ட என்னிடம் சாட்சியே இருந்தது. முந்தின நாள் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். வலை பின்னுகிற கூடத்தில் எங்கள் பெட்டி, அதில் எரிகிற பச்சை விளக்கு. கீழே புத்தம்புது இன்வெர்ட்டர், அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. 'தம்பி வச்ச பொட்டி கரண்டு இல்லாம நிக்க கூடாதுனு ஊர்ல எல்லாரும் சேந்து வாங்கிட்டோம்' என்று எழுதியிருந்தான்.

"பாருங்க, லைட்டு எரியுது," என்று போனை நீட்டினேன்.

அவர் விளக்கைப் பார்க்கவில்லை. இன்வெர்ட்டரைப் பார்த்தார். "இது எப்ப வெச்சாங்க?"

"நேத்து. காலையில ஒரு பத்து மணி…"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இனி கரண்ட் போகாது. போகாததால் பெட்டி மறுபடி ஆன் ஆகாது. ஆன் ஆகாததால் கேட்காது. டோக்கன் செத்துப்போனால் தகவல் சர்வர் 'நீ யார்?' என்று திருப்பி அனுப்பும். அப்படித் திருப்பி அனுப்பினால், எச்சரிக்கை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி நான்தான் எழுதியிருந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"கேக்கும்னு சொன்னியே," என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பதினொன்றரைக்குக் காற்று எச்சரிக்கை வந்தது. ஆபீசுத் திரையில் நாலு ஊர்ப் பெயர் சிவப்பாக மாறியது. நாலு ஊரிலும் சங்கு ஊதுகிறது என்று அர்த்தம். கடப்பாக்கம் பச்சையாகவே நின்றது. மதியத்துக்கு மேல் வலை போட அண்ணன் இரண்டாம் தடவை இறங்குகிற நேரம் அது. அவன் போனுக்கு அடித்தேன். வீட்டில் அடித்தது. அண்ணி எடுத்தார்.

"இன்னா தம்பி இந்நேரத்துல?"

"அண்ணி, அண்ணன் எங்க?"

"அது இப்பதான் போட்ட தள்ளிகினு போச்சு. மூணு போட்டு எறங்கிட்ச்சு. ஏன்?"

"கூப்புட முடியுமா?"

"இடிஞ்ச கோட்டையத் தாண்டிப் போய்ட்ச்சே. இங்கேந்து கத்தினா எப்டிக் கேக்கும்?"

பக்கத்தில் நின்றவர் என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். குரல் மட்டும் அப்படியே சாதாரணமாக இருந்தது.

"அக்கா, நான் தம்பி ஆபீசுலேந்து பேசறேன். வலைக் கூடத்துக்கு ஓடுங்க. பொட்டி ஒயரு இன்வெர்ட்டர்ல சொருவி இருக்கும். அத்தப் புடுங்கிட்டு, பத்து எண்ணிட்டு, திரும்ப சொருவுங்க. போன ஆஃப் பண்ணாதீங்க."

அண்ணி ஓடுவது கேட்டது. மணலில் செருப்பு சத்தம், மூச்சு, யாரையோ விலகச் சொல்கிற குரல். பிறகு, "புடுங்கிட்டேன்." பிறகு, அவர் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணியது. பத்து வந்ததும், "சொருவிட்டேன்மா."

பெட்டி முழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். மேடம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்தார். "வரல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வரல." திரையில் புது வரி விழுந்தது.

"கேட்டுடுச்சு," என்றார். உடனே, ஏதோ தன் கையாலேயே எடுத்து நீட்டியது போல, "குடுத்துட்டேன்."

போனில் சங்கு அலறியது. அண்ணி என்னவோ சொன்னார். எதுவும் காதில் விழவில்லை. மேடம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டு போட்டு சேதமில்லாமல் கரைக்கு வந்தது. அண்ணன் போட்டு கரைக்குப் பக்கத்தில் அலையில் கவிழ்ந்தது. காற்று அதற்குள் ஏறிவிட்டிருந்தது. அவன் இடது தோள் போட்டு விளிம்பில் மோதி இறங்கிவிட்டது. பதினொரு மணிக்கு அவர் வந்து சொன்னவுடனே நான் அந்த ஒயரைப் பிடுங்கச் சொல்லியிருந்தால், பதினொன்றரைக்கு மற்ற ஊர்களோடு சேர்ந்து ஊதியிருக்கும். அண்ணன் கரையிலேயே நின்றிருப்பான்.

மறுநாளே அந்தப் பகுதியை எழுதி ஐந்து பெட்டிக்கும் அனுப்பினேன். பத்து வரிகூட இல்லை. டோக்கன் ஆயுளை அவர் ஒரு மணி நேரமாக மாற்றினார். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை.

பத்து நாள் கழித்துத் தோளில் கட்டோடு அண்ணன் படூருக்கு வந்தான், நல்ல கொடுவா மீன் ஒன்றோடு. போனில் பேசியது அவர்தான் என்று அண்ணி சொல்லி, அவரைத் தேடித்தான் வந்தான்.

"யாருக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்குத்தாம்மா."

"எதுக்கு?"

"உசுரக் குடுத்தீங்க."

அவருக்கு முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "எது வரைக்கும்?" என்றார்.

அண்ணன் மீனை ஒரு தடவை பார்த்தான். "கொழம்பு கொதிக்கற வரைக்கும்."

அவர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. அந்த ஆபீசில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் பஸ் ஏறியதும் என்னிடம் வந்தார். "உங்க அண்ணனுக்கு நடந்தது தெரியல. பொட்டிதான் காப்பாத்துச்சின்னு நெனச்சிகினு கீறாரு."

"உம்."

"ஏன் ஊதல, யாரால ஊதலன்னு நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அது உன் வேல." கொஞ்சம் யோசித்தார். "ஒரு வாரம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அண்ணன் வலைக் கூடத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். "என் தம்பி செஞ்ச பொட்டி," என்று என்னை இழுத்து எதிரில் நிற்க வைத்தான். அண்ணி, அன்று ஒயர் லூசாக இருந்ததாகவும் தான் பிடுங்கிச் சொருகியதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் முடிந்த அன்று காலை பத்து மணிக்குச் சரியாக அவர் வந்து நின்றார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எப்போ சொன்னே, எங்கே சொன்னே, அவர் என்ன சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். அண்ணன் நம்பர் அவரிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி," என்றார். போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

சில மாதத்தில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினார். கடைசி நாள் டோக்கன் சர்வரின் சாவிகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். வேறு யாரையோ சொல்வார் என்று நினைத்தேன். என் மேஜைக்கு வந்து எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். படிவம் எதுவும் இல்லை. நான்தான் விளையாட்டாகக் கேட்டேன்.

"எது வரைக்கும் மேடம்?"

"உனக்கு அது வேணாம்," என்றார். "பண்ணத கூடப்பொறந்தவன் மூஞ்சிக்கி நேரா ஒத்துகின. அது போதும் எனக்கு."

கதவு வரை போய், பழக்கத்தில் தாழ்ப்பாளை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசல் கேட் வரைக்கும் அவர் நடந்து போகிற நேரம் இருந்தது. அங்கே அண்ணாச்சியிடம் அட்டையை வேறு நீட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடப்பாக்கம் பெட்டி இப்போது மணிக்கொரு தரம் தவறாமல் கேட்கிறது. அந்த வரி விழும்போதெல்லாம் ஒரு நிமிடம் என் வேலை நின்றுபோகும். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சட்டை மாட்ட அண்ணிதான் அவனுக்குக் கை கொடுத்தார். இடது கை தோளுக்கு மேலே ஏறுவதில்லை.

"அந்த மேடம் நல்லா கீறாங்களாடா?" என்றான்.

"நல்லா கீறாங்கண்ணா," என்றேன். அவர் போனதிலிருந்து ஒரு தடவைகூட நான் பேசியதில்லை.

அவன் இன்வெர்ட்டர் மேல் இருந்த தூசியை வலது கையால் துடைத்தான். வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு கலையாமல் இருந்தது.

"இது மட்டும் அன்னிக்கி இல்லன்னா நான் இன்னிக்கி இல்லடா தம்பி."

"ஆமாண்ணா," என்றேன்.